கூட்டுக் குடிநீர் போலக் கூட்டுக் குப்பைத் திட்டமும் வேண்டும்

மதுரைக்குப் பக்கத்துப் பேரூராட்சி ஒன்றின் குப்பையைத் தரம் பிரிக்கும் வளம் மீட்புப் பூங்காவுக்குச் சென்ற வாரம் போயிருந்தேன். பால் பாக்கெட்டுகளும் மசாலா உறைகளும் கழுவிக் காயவைக்கப்பட்டு, மூட்டைகளாகச் சுவரோரம் அடுக்கப்பட்டிருந்தன. அடி மூட்டைகளை எலி கடித்திருந்தது. "ஒரு லோடு சேந்தாத்தாண்ணே சிமெண்ட் ஆலைக்கு லாரி வரும், மூணு மாசமா இப்படியே கெடக்கு" என்றார் அங்கே தரம் பிரித்துக்கொண்டிருந்த தூய்மைப் பணியாளர். இத்தகைய பிளாஸ்டிக்கைச் சிமெண்ட் ஆலைகள் எரிபொருளாகப் பயன்படுத்துகின்றன. மழைக்குள் லாரி வராவிட்டால், பார்த்துப் பார்த்துப் பிரித்ததெல்லாம் நனைந்து வீணாகிவிடும் என்ற கவலை அவருக்கு.

உழைப்பில் குறையில்லை, ஊர் சிறியது, அவ்வளவுதான். வாடிப்பட்டி, சோழவந்தான், அலங்காநல்லூர், பாலமேடு என ஒரே வட்டத்துக்குள் நான்கு பேரூராட்சிகள் இருக்கின்றன. மக்காத குப்பையை நான்கும் ஓரிடத்தில் சேர்த்தால் லோடு விரைவில் நிரம்பும். அழுத்திக் கட்டும் இயந்திரம் ஒன்றே போதும். பழைய பொருள் வியாபாரியிடமும் நல்ல விலை கேட்க முடியும்.

இது புதிய யோசனையும் அல்ல. 5 லட்சத்துக்கும் குறைவான மக்கள்தொகை கொண்ட உள்ளாட்சிகள் பொதுவான அல்லது வட்டார அளவிலான நிலநிரப்புக் கிடங்கை (மிஞ்சும் குப்பையைப் பாதுகாப்பாகப் புதைக்கும் இடத்தை) 3 ஆண்டுகளுக்குள் அமைக்க வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் கூறின. அப்படிப்பட்ட கிடங்கு ஆற்றிலிருந்து 100 மீட்டரும், குளம், குடியிருப்பு, நெடுஞ்சாலை, கிணறு ஆகியவற்றிலிருந்து 200 மீட்டரும் தள்ளியிருக்க வேண்டும் என்றும் அவை கூறின. வைகைப் பாசனமும் கண்மாயும் கிணறும் நிறைந்த நம் பகுதியில் இந்த அளவுக்குப் பொருந்தும் நிலம் ஓரிடத்தில் கிடைப்பதே அரிது. ஊருக்கு ஒன்று தேடப் போனால் கடைசியில் கண்மாய்க் கரைதான் குப்பைமேடாகும்.

ஆனால் எல்லாவற்றையும் கூட்டாகச் செய்ய வேண்டியதில்லை. காய்கறிக் கழிவையும் வாழை இலையையும் லாரியில் ஏற்றுவது தண்ணீரைச் சுமக்க டீசல் எரிப்பதற்குச் சமம். மக்கும் குப்பை அந்தந்த ஊரிலேயே உரமாகி, அந்தந்த ஊர் வயலுக்கே போகட்டும். மக்காததும், எதற்கும் உதவாமல் மிஞ்சுவதும் மட்டும் பொது இடத்துக்கு வந்தால் போதும்.

அந்தப் பொது இடம் எந்த ஊரில் அமைவது என்பதில்தான் பேச்சு முறியும். "நாலு ஊர்க் குப்பையும் எங்க தலையிலயா?" என்று அந்த ஊர்க்காரர்கள் கேட்பார்கள்; அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. அவனியாபுரத்தை அடுத்த வெள்ளக்கல்லில் மதுரை மாநகரின் குப்பை ஆண்டுக்கணக்கில் மலையாகக் குவிந்ததைப் பார்த்தவர்களை வாய்வார்த்தையால் சமாதானப்படுத்த முடியாது. ஆகவே எழுத்துப்பூர்வமான ஒப்பந்தம் வேண்டும். வாசலில் எடைமேடை இருக்க வேண்டும். ஒவ்வொரு ஊரும் எடைக்கேற்பப் பணம் கட்ட வேண்டும். இடம் தரும் ஊருக்கு அதில் ஒரு பங்கு போக வேண்டும். பிரிக்காமல் வரும் வண்டியைத் திருப்பி அனுப்பும் உரிமையும் அந்த ஊருக்கே இருக்க வேண்டும்.

பல ஊர்கள் ஒரே நீராதாரத்தைப் பகிர்ந்துகொள்ளும் கூட்டுக் குடிநீர்த் திட்டங்களைப் பல ஆண்டுகளாக நடத்திவரும் மாநிலம் இது. குடிக்கும் தண்ணீருக்கே கணக்கு வைத்துப் பகிர முடிகிறபோது, குப்பைக்கு முடியாது என்பதை நான் ஏற்கவில்லை. நான்கு மன்றங்களின் உறுப்பினர்களிடமும் நான் கேட்பது ஒன்றுதான்: நிலத்தைப் பற்றிய பேச்சை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த கூட்டத்திலேயே, பொது லாரி ஒன்றுக்கு மட்டுமாவது ஒரே வாசகத்தில் தீர்மானம் போடுங்கள். அந்த மூட்டைகள் மழைக்கு முன்பே கிளம்பிவிடும்.