"யாரிடமும் சொல்லாதீர்கள்" என்று ஒருவன் சொன்னால்

"படிச்சவங்க எப்படிங்க ஏமாறுறாங்க?" போன் மோசடி பற்றிய எந்தச் செய்தியைத் திறந்தாலும் கீழே இந்தக் கேள்வி கிடக்கிறது. பேராசை, அறியாமை என்று தீர்ப்பு எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். தயவுசெய்து இதை நிறுத்துங்கள். பணத்தை இழந்தவர் வெளியே சொல்லப் பயப்படுவது இந்தக் கேள்விக்குத்தான். அவர் வாய் திறக்காத ஒவ்வொரு மணி நேரமும் திருடனுக்கு லாபம்.

2024 ஆகஸ்டில் லூதியானாவின் வர்த்மான் ஜவுளிக் குழுமத் தலைவர் எஸ்.பி. ஓஸ்வாலிடம் 7 கோடி ரூபாய் பறித்தார்கள். 82 வயது, பெரிய தொழிலதிபர். சிபிஐ என்று சொல்லி மிரட்டினார்கள், உச்ச நீதிமன்ற விசாரணை என்று வீடியோ அழைப்பில் ஒரு நாடகமே நடத்தினார்கள், முத்திரை குத்திய உத்தரவை வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள். அவர் வெட்கப்பட்டு மூடி மறைக்கவில்லை. போலீசுக்குப் போனார், 5 கோடிக்கு மேல் மீட்கப்பட்டது. ஊரறியப் பேசவும் செய்தார். அவர் ஏமாந்ததை விட, வெளியே வந்து சொன்னதுதான் நாம் கவனிக்க வேண்டியது.

எங்கள் தெருவில் ஒரு ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். அவருக்கும் இதே 'டிஜிட்டல் கைது'தான், அதாவது போலீஸ் என்று சொல்லி வீடியோ அழைப்பிலேயே பிடித்து வைத்து மிரட்டுவது. மும்பை போலீஸ் என்று அழைத்தவன், "கேமராவை அணைக்கக் கூடாது, வீட்டில் யாரிடமும் சொல்லக் கூடாது, சொன்னால் அவர்களும் வழக்கில் சேர்வார்கள்" என்றிருக்கிறான். தண்ணீர்ச் சொம்பில் போனைச் சாய்த்து வைத்து, காலையிலிருந்து சாயங்காலம் வரை கதவைச் சாத்திக்கொண்டு அதன் முன்னால் உட்கார்ந்திருக்கிறார். மனைவி காபி கொண்டு வந்தபோது கையை மட்டும் அசைத்துப் போகச் சொல்லியிருக்கிறார். பிஎஃப் பணத்தில் போட்டு வைத்திருந்த வைப்புத்தொகை அன்றைக்கே கரைந்தது. மகளிடம் சொன்னது அடுத்த வாரம். "மருமகன் முன்னாடி எப்படிம்மா சொல்றது" என்றாராம். அதற்குள் பணம் எங்கேயோ போய்விட்டது.

இந்தியச் சட்டத்தில் டிஜிட்டல் கைது என்று ஒன்று கிடையாது. எந்தப் போலீசும் எந்த நீதிபதியும் வீடியோ அழைப்பில் யாரையும் கைது செய்ய முடியாது. 2024 அக்டோபரில் பிரதமரே வானொலியில் இதைச் சொன்னார். அப்புறமும் நடக்கிறது என்றால், தகவல் தெரியாததல்ல காரணம். பயத்தில் இருக்கும் மனிதனைத் தனியாகப் பிரித்துவிட்டால் தெரிந்ததும் மறந்துபோகும். மோசடியின் உயிர் அந்த "யாரிடமும் சொல்லாதீர்கள்" என்பதில் இருக்கிறது. கூரியரில் போதைப்பொருள், ஆதாரில் சிக்கல், மகன் போலீஸ் பிடியில் என்று கதை மாறும், அந்த வரி மாறாது. அதைக் கேட்ட நொடியே அழைப்பைத் துண்டித்துவிட்டு வீட்டில் யாரையாவது கூப்பிடுங்கள்.

மெசேஜ் மோசடியில் தனிமைக்குப் பதில் அவசரம். "போன மாத பில் அப்டேட் ஆகவில்லை, இன்றிரவு 9.30க்கு மின் இணைப்பு துண்டிக்கப்படும்" என்று வந்தது பலருக்கு நினைவிருக்கும். தமிழ்நாட்டில் வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் கரண்ட் பில். அதுகூடத் தெரியாதவன் எழுதிய மெசேஜ் அது, வந்ததும் ஏதோ ஒரு பத்து இலக்க செல்போன் எண்ணிலிருந்து. அந்த எண்ணைக் கூப்பிட்டால் பத்து ரூபாய் கட்டச் சொல்வார்கள், அதற்கு ஒரு ஆப்பை இறக்கச் சொல்வார்கள். அது உங்கள் திரையை அவனுக்குக் காட்டும் ஆப். நீங்கள் பின் எண்ணைத் தட்டுவதை அவன் பார்த்துக்கொண்டிருப்பான். கல்யாணப் பத்திரிகை, போக்குவரத்து அபராதம் என்ற பெயரில் வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே கோப்பும் (தொட்டால் போனில் ஆப்பை ஏற்றும் கோப்பு) இதே வகைதான், தொடவே வேண்டாம். யுபிஐயில் பணம் வாங்க பின் எண் தேவையே இல்லை. கேட்டால் பணம் உங்களிடமிருந்து போகப்போகிறது என்று பொருள்.

வங்கிகள் மேலும் எனக்குக் கோபம் உண்டு. ஓடிபியைப் பகிராதீர்கள் என்று குறுஞ்செய்தி அனுப்பியதோடு தங்கள் கடமை முடிந்தது என்று நினைக்கிறார்கள். எழுபது வயதைத் தாண்டியவர் மொத்த வைப்புத்தொகையையும் முறித்து, முன்பின் பழக்கமில்லாத கணக்குக்கு அனுப்பினால், கிளையிலிருந்து ஒருவர் போன் போட்டு "என்னங்க ஐயா, ஏதாவது அவசரமா?" என்று கேட்கக் கூடாதா? 2024இல் மட்டும் நாட்டு மக்கள் சைபர் மோசடியில் இழந்தது 22,845 கோடி ரூபாய் என்று உள்துறை அமைச்சகம் நாடாளுமன்றத்தில் சொல்லியிருக்கிறது. இவ்வளவுக்குப் பிறகும் பழியை முழுக்க ஓய்வூதியக்காரர் தலையில் கட்டுவது நியாயமே இல்லை.

வங்கி மாறும்வரை நாம் செய்யக்கூடியது: யுபிஐ, நெட் பேங்கிங் இரண்டிலும் ஒருநாள் வரம்பை வங்கியின் ஆப்பிலேயே குறைத்து வைக்கலாம். சேமிப்பு முழுவதும் இருக்கும் கணக்கை யுபிஐயோடு இணைக்காமல், செலவுக்கு மட்டும் தனியாக ஒரு சின்னக் கணக்கு வைத்துக்கொள்ளலாம். அம்மா அப்பாவின் போனில் அடுத்த முறை ஊருக்குப் போகும்போது நீங்களே செய்து கொடுங்கள்.

பணம் போய்விட்டதா? உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணைக் கூப்பிடுங்கள். போன பணம் வாடகைக்குப் பிடித்த கணக்குகளில் கைமாறிக்கொண்டே இருக்கும். சீக்கிரம் புகார் போனால் வழியிலேயே முடக்க வாய்ப்பு உண்டு. வங்கிக்கும் அப்போதே சொல்லி, புகார் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். ரிசர்வ் வங்கியின் 2017 விதிப்படி, உங்கள் தவறோ வங்கியின் தவறோ இல்லாமல் யாரோ மூன்றாம் ஆள் பணத்தை எடுத்திருந்தால், மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் உங்களுக்கு நஷ்டமில்லை. ஓடிபியை நீங்களே கொடுத்திருந்தாலும்கூட, வங்கிக்குத் தெரிவித்த பிறகு போகும் பணத்துக்கு வங்கிதான் பொறுப்பு. இது பலருக்குத் தெரியாது. நம்மால்தானே போனது என்று பேசாமல் இருந்துவிடுகிறார்கள்.

பிள்ளைகளுக்கு ஒன்று. அப்பா போன் செய்து தயங்கித் தயங்கிச் சொன்னால், "ஏம்ப்பா கொடுத்தீங்க?" என்று ஆரம்பிக்காதீர்கள். எந்த பேங்க், எத்தனை மணிக்கு, எவ்வளவு என்று கேளுங்கள். பரிவர்த்தனை மெசேஜில் இருக்கும் யுடிஆர் எண்ணை, அதாவது அந்தப் பரிவர்த்தனையின் அடையாள எண்ணை, படிக்கச் சொல்லிக் குறித்துக்கொள்ளுங்கள், 1930இல் அதைக் கேட்பார்கள்.