எம்எஸ்சி சைக்காலஜியும் பிஎச்டி கனவும்

அட்மிஷன் சீசன் வந்துவிட்டால் இன்பாக்ஸில் ஒரே கேள்விதான். "அக்கா, பிஎச்டி வரைக்கும் போகணும், எந்த காலேஜில் எம்எஸ்சி சைக்காலஜி சேரலாம்?" அங்கே டிசர்டேஷனுக்கு (படிப்பின் பகுதியாக எழுதும் ஆய்வேடு) யார் கைடு, அவர் எதில் ஆராய்ச்சி செய்கிறார் என்று விசாரித்தாயா என்று திருப்பிக் கேட்டால் பெரும்பாலும் பதில் வராது.

முதலில் ஒரு குழப்பம். நோயாளிகளைப் பார்க்க வேண்டும் என்பதுதான் ஆசை என்றால், வெறும் பிஎச்டி உங்களைக் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் ஆக்காது. அதற்கு ஆர்சிஐ (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) அங்கீகரித்த படிப்பும் அதில் பதிவும் வேண்டும். 2022 விதிமுறையில் யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) அதற்கு வழக்கமான வழியாக இருந்த எம்ஃபில்லையே நிறுத்தி, அப்புறம் கிளினிக்கல் சைக்காலஜிக்கும் சைக்கியாட்ரிக் சோஷியல் வொர்க்குக்கும் மட்டும் 2025-26 வரை விலக்கு கொடுத்தது. பாதை மாறிக்கொண்டிருக்கும் நேரம் இது, ஆர்சிஐ தளத்தைப் பார்க்காமல் எங்கேயும் ஃபீஸ் கட்டாதீர்கள். தபால் வழியிலும் ஆன்லைனிலும் சைக்காலஜி நடத்தக் கூடாது என்று 2025-இல் யுஜிசி சொல்லிவிட்டதால் அந்த வழியும் அடைபட்டுவிட்டது.

சரி, ஆராய்ச்சிதான் வேண்டும் என்கிறீர்கள். நாலு வருட டிகிரியில் 75 சதவீதம் இருந்தால் நேராக பிஎச்டிக்கே விண்ணப்பிக்கலாமே, எம்எஸ்சி எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு. என்னைக் கேட்டால் செய்யத்தான் வேண்டும், ஆனால் நெட் என்ற தேசியத் தகுதிப் பரீட்சைக்கான காத்திருப்பு அறையாக இல்லை. எனக்குத் தெரிந்த பலருக்கு இரண்டாம் வருடம் முழுக்க கோச்சிங் நோட்ஸிலேயே போய்விடுகிறது. அவர்களைக் குறை சொல்ல முடியாது, அந்தப் பரீட்சையில் ஜேஆர்எஃப் என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய், நடுத்தர வீட்டில் பிஎச்டிக்குச் சம்மதம் வாங்க அந்த ஒரு எண் போதும். ஆனால் நெட் என்பது இரண்டு தாள், 150 கேள்வி, எல்லாமே நாலு விடையில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது. குழந்தையின் அறிவு வளர்ச்சிக்கு பியாஜே வகுத்த கட்டங்களை வரிசையாகச் சொல்லத் தெரிந்தவருக்கும், ஒரு குழந்தையைக் கவனித்து அதிலிருந்து ஒரு கேள்வி எழுப்பத் தெரிந்தவருக்கும் உள்ள வித்தியாசம் அதில் தெரியாது.

அது தெரிகிற இடம் டிசர்டேஷன். அதைத்தான் நாம் கடைசி இரண்டு மாதத்தில் அவசர அவசரமாக முடிக்கிறோம். தலைப்பு ஏறக்குறைய ஒன்றேதான், கல்லூரி மாணவர்களிடம் சமூக ஊடகப் பயன்பாடும் சுயமதிப்பும். அமெரிக்க மாணவர்களை வைத்து உருவாக்கிய ஒரு கேள்வித்தாளை இன்டர்நெட்டில் எடுத்து, கூகுள் ஃபார்மில் போட்டு, தெரிந்த வாட்ஸ்அப் குழுக்களுக்கெல்லாம் அனுப்பி, தமிழ் மீடியத்தில் படித்தவர் அந்த ஆங்கில வாக்கியத்தை எப்படிப் புரிந்துகொண்டார் என்று யாரும் கேட்காமலே எஸ்பிஎஸ்எஸ் என்ற புள்ளியியல் மென்பொருளில் தள்ளி, பி வேல்யூ (தற்செயலாகவே இப்படி ஒரு முடிவு வர எவ்வளவு வாய்ப்பு என்று காட்டும் எண்) 0.05-க்குக் கீழே வந்தால் நிம்மதி, வராவிட்டால் வரும்வரை எதையாவது மாற்றிப் பார்ப்பது. (வைவாவில் யாரும் இதைத் தோண்டுவதில்லை என்பது எல்லோருக்கும் தெரியும்.)

உலக அளவிலும் இந்தப் பழக்கம் இருந்தது, அதற்கான அடியும் விழுந்தது. 2015-இல் பிரையன் நோசெக் தலைமையில் பெரிய ஆய்வாளர் குழு ஒன்று 100 உளவியல் ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்தது. மூல ஆய்வுகளில் 97 சதவீதம் புள்ளியியல்படி முக்கியமான முடிவைக் காட்டியவை, திரும்பச் செய்தபோது 36 சதவீதம்தான் அப்படித் தேறின. பிஎச்டிக்கு வருகிறவர் இதைப் படித்து ஒரு நாளாவது தூக்கம் கெட்டிருக்க வேண்டும் என்பேன். எம்எஸ்சியில் ஸ்டாட்ஸ் பேப்பரை முக்கி முனகிப் பாஸ் செய்துவிட்டு, பிஎச்டியில் பணம் கொடுத்து அனாலிசிஸ் செய்துகொள்கிறவர்களைப் பார்க்கிறேன், கோபம்தான் வருகிறது. ஜாஸ்ப் (JASP), ஆர் (R) என்ற புள்ளியியல் மென்பொருள்கள் இரண்டும் இலவசம், லேப்டாப் இருந்தால் இன்றைக்கே ஆரம்பிக்கலாம்.

நெட் மதிப்பெண்ணை வைத்துச் சேர்க்கும் இடங்களில் ஜேஆர்எஃப் இல்லாதவர்களுக்கு நெட்டுக்கு 70 சதவீதம், நேர்காணலுக்கு 30 என்கிறது யுஜிசி. அந்த 30-இல் உங்கள் டிசர்டேஷனைத்தான் கேட்பார்கள், ஏன் இந்த சாம்பிள், ஏன் இந்த ஸ்கேல் என்று. கைடு சொன்னார் என்ற பதில் அங்கே எடுபடாது.

அதனால் சேரும் முன்பு அந்தத் துறைக்கு ஒருமுறை நேரில் போய், போன வருட டிசர்டேஷன்களில் நாலைந்தை எடுத்துப் புரட்டிப் பாருங்கள். காட்ட மாட்டோம் என்றால் அடுத்த காலேஜுக்குப் போய்ப் பாருங்கள்.