ஐம்பது மூடித் தண்ணீர்

எடை குறைக்க இரைப்பையைச் சுருக்குகிற ஆபரேஷன் முடிந்து நேற்றோடு பதினோரு வாரம். "எப்படி இருக்கு, பசிக்குதா?" என்று இன்பாக்ஸில் கேட்பவர்களுக்குத் தனித்தனியாகப் பதில் சொல்லி மாளவில்லை. அதனால்தான் இந்தப் பதிவு. எடை எவ்வளவு குறைந்தது என்ற கதை இதில் இல்லை, போட்டோவும் கிடையாது. முதல் இரண்டு மாதம் வாயும் வயிறும் என்னைப் படுத்திய பாடு, அதில் வீட்டாருக்கு இருந்த பங்கு, இவ்வளவுதான்.

தெரியாதவர்களுக்கு: கீழமாசி வீதியில் ஒரு மளிகை மொத்தக் கடையில் கணக்கு எழுதுகிறேன். வயது 44. போன சித்திரைத் திருவிழா சமயத்தில் 131 கிலோ. சர்க்கரை, பிரஷர், தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிற கோளாறு, மூன்றும் சேர்ந்தே இருந்தன. "வாயைக் கட்டத் தெரியாதவன் வயித்தை வெட்டிக்கிட்டான்" என்று சொந்தத்தில் ஒருவர் சொன்னதாகக் காதுக்கு வந்தது. அவருக்கு ஒன்றே ஒன்று. வண்டியூர் தெப்பக்குளத்தைச் சுற்றிச் சுற்றி நடந்து 14 கிலோ குறைத்தவன் நான். குறைத்ததெல்லாம் வட்டியோடு திரும்பி வந்தது. எடை இறங்க இறங்க உடம்பு பசியைக் கூட்டும், எரிக்கிற செலவைக் குறைத்துக்கொள்ளும். அந்தச் சண்டையில் நான் மூன்று தடவை தோற்றிருக்கிறேன். போதும்.

எனக்குச் செய்தது ஸ்லீவ். இரைப்பையில் முக்கால் பங்குக்கும் மேல் வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தை ஒரு வாழைப்பழம் கனத்துக்குக் குழாய் மாதிரி விட்டுவிடுவார்கள். வெட்டி எடுக்கிற மேல்பகுதியில்தான் கிரெலின் என்கிற பசி ஹார்மோன் பெரும்பாலும் சுரக்கிறது. 1999இல் ஜப்பானில் கண்டுபிடித்தார்களாம். "அதுதான் போயிருமே, பசி அவ்வளவா தெரியாது சார்" என்றார்கள். நானும் நம்பிக் கையெழுத்துப் போட்டேன்.

ஆபரேஷன் அன்று சாயங்காலமே எழுப்பி வராந்தாவில் நடக்கவிட்டார்கள். துளை போட்ட இடங்களில் வலி தாங்கக்கூடியதாகத்தான் இருந்தது. தோள்பட்டைதான் உயிரை எடுத்தது. நெஞ்சுவலியே வந்துவிட்டது என்று எனக்கு வியர்த்துக் கொட்ட, நர்ஸ் சோதித்துப் பார்த்துவிட்டு, "கேஸ் வலி சார், நடங்க" என்றார். சின்னத் துளை வழியாகச் செய்கிற லேப்ராஸ்கோப்பிக்காக வயிற்றுக்குள் கார்பன் டை ஆக்சைடு அடித்து உப்பவைக்கிறார்கள். அது நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் இருக்கிற உதரவிதானத்தை உறுத்தினால், வலி நரம்பு வழியாகத் தோளில் வந்து தெரியுமாம். அம்மாவுக்கு இந்த விளக்கம் செல்லுபடியாகவில்லை. "சுளுக்குய்யா அது. செல்லூர்ல ஒரு ஆளு இருக்காரு, ஒரு தடவு தடவுனா போயிரும்." தடவுகிற ஆளைத் தேடிப் பிடிப்பதற்குள், நடந்து நடந்தே மூன்றாம் நாள் போய்விட்டது.

அப்புறம் வந்தது தாகம்.

பள்ளிக்கூடத்தில் எனக்குப் பட்டப்பெயர் குண்டோதரன். மீனாட்சி கல்யாணத்தில் ஆக்கிவைத்ததையெல்லாம் தின்றும் அடங்காத பூதம். அன்னக்குழிச் சோற்றில் பசி அடங்கியபிறகு தாகம் எடுத்ததால்தான் 'வை கை' என்றதும் ஆறு வந்தது என்று மதுரையில் எல்லாப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கு வரிசை மாறிவிட்டது, பசிக்கு முன்னால் தாகம். வைகையே வாசலுக்கு வந்தாலும் ஒரு மடக்குக்கு மேல் இறங்காது. கொஞ்சம் பெரிதாக விழுங்கிவிட்டால் நெஞ்சுக்கூட்டின் நடுவில் கோலிக்குண்டு மாதிரி நின்றுகொள்ளும். எச்சில்கூட இறங்காது, ஏப்பமும் வராது. தையல் போட்ட குழாய் வீங்கியிருக்கிறது, அப்படித்தான் இருக்கும் என்றார்கள்.

ஆஸ்பத்திரியில் மருந்து ஊற்றிக் கொடுக்கிற குட்டி பிளாஸ்டிக் கப் ஒன்றைக் கொடுத்து அனுப்பினார்கள். 30 மில்லி. கால் மணி நேரத்துக்கு ஒரு கப், அதையும் சொட்டுச் சொட்டாக. வீட்டில் அதற்கு 'மூடி' என்று பெயர் விழுந்துவிட்டது. ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டர் உள்ளே போக வேண்டும் என்றால் ஐம்பது மூடி. ஐம்பது கால் மணி நேரம் என்றால் பன்னிரண்டரை மணி நேரம். கடையில் நான் உட்காருகிற நேரத்தை விட அதிகம். தண்ணீர் குடிப்பது முழுநேர உத்தியோகமாகிவிட்டது.

அந்தப் பிளாஸ்டிக் கப் அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. பரணைக் குடைந்து, எனக்குப் பால் புகட்டிய வெள்ளிச் சங்கைப் புளி போட்டுத் தேய்த்துக் கொண்டுவந்து நின்றார். "இதுல குடிச்சா புரையேறாதுய்யா." 44 வயசில் சங்கா! "எனக்கு இப்பவே சங்கு ஊதணுமாம்மா" என்றேன். அதற்கு அவர் அழுததில், மூன்று மூடி தள்ளிப்போனது.

வீட்டுக்கு அனுப்பும்போது உணவு அட்டவணை என்று ஒரு தாள் கொடுத்தார்கள். முழுக்க இங்கிலீஷ். கிளியர் ப்ராத், காட்டேஜ் சீஸ், யோகர்ட், மேஷ்டு பொட்டேட்டோ. மதுரையில் இருக்கிற ஆஸ்பத்திரி, மதுரை நோயாளி, தாள் மட்டும் எந்த ஊரிலிருந்து வந்ததோ. வீட்டுக்காரி ஒவ்வொரு வரியாக வாசிக்க, அம்மா "அப்படின்னா?" என்று கேட்க, இரண்டு பேருமாக உட்கார்ந்து அதை எங்கள் வீட்டு அடுப்புக்கு மாற்றினார்கள். ரசத்தெளிவு, பாசிப்பருப்புத் தண்ணீர், பச்சைமிளகாய் போடாத நீர்மோர், கொழுப்பு வழித்தெடுத்து வடிகட்டிய எலும்பு சூப். டயட்டீஷியனிடம் போனில் கேட்டு எல்லாவற்றுக்கும் சரி வாங்கியாயிற்று. ஆனால் ரசத்தில் மிளகு எத்தனை என்று யாரும் கேட்கவில்லை. ஆறாம் நாள் அம்மா, ஆபரேஷன் செய்த உடம்பு, சளி பிடித்துவிடக் கூடாது என்று கைநிறைய மிளகைத் தட்டிப் போட்டுவிட்டார். அன்று முழுக்க உள்ளே அடுப்பு எரிந்தது. குற்றம் அவருடையது இல்லை. அவரிடம் யாரும் சொல்லவில்லையே.

அதற்கு முதல்நாள்தான் "ஏன்டா இதைச் செய்தோம்" என்று பாத்ரூமில் உட்கார்ந்து அழுதிருந்தேன். இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. முதல் வாரத்தில் அநேகம் பேருக்கு வரும், வந்தால் பயப்படாதீர்கள்.

சரி, பசி. பசியே இருக்காது என்றார்களே, இருந்தது. ராத்திரியில் பயங்கரமாக இருந்தது. கணக்குப்பிள்ளை புத்தி சும்மா இருக்குமா? கடையில் மிச்சமாகிக் கிடந்த ஒரு பழைய சிட்டையை எடுத்து, மூடிக் கணக்கோடு பசிக் கணக்கும் எழுத ஆரம்பித்தேன். மணி, எங்கே இருந்தேன், என்ன வாசம், என்ன சத்தம். பதினைந்து நாளில் 'பசி' என்று 38 பதிவு. கூட்டிப் பார்த்தேன். 21 பதிவு ராத்திரி ஒன்பதரைக்கும் பத்தரைக்கும் நடுவில். 9 பதிவு காலை பதினொரு மணிக்கு.

ஒன்பதரை எங்கள் கடை அடைக்கிற நேரம். பதினொன்று, டீயும் வடையும் வருகிற நேரம். நான் மருத்துவ விடுப்பில் கட்டிலில் கிடக்கிறேன், பசி மட்டும் டியூட்டிக்குப் போய் வருகிறது! மிச்சம் எட்டில் ஐந்து, அசிடிட்டி மாத்திரையை மறந்த நாட்களில் வந்தவை. புளிப்பு சுரந்து அரிப்பதும் பசி மாதிரியேதான் தெரியும் என்று ரிவ்யூவில் டாக்டர் சொன்னார். எந்த வரவிலும் சேராமல் நின்றவை மூன்றே மூன்று. அவை பருப்புத் தண்ணீர் குடித்ததும் அடங்கின. முப்பது வருஷமாக நான் பசி என்று பெயர் வைத்திருந்ததில் எத்தனை பங்கு பசி?

இது தெரிந்துவிட்டதால் ராத்திரி ஒன்பதரை சும்மா விடும் என்று நினைக்க வேண்டாம். எங்கள் சந்து முனையில் ஒரு புரோட்டாக் கடை. கொத்துகிற சத்தம் முதலில் மெதுவாக, தனித்தனியாக விழும். முட்டை உடைத்து ஊற்றியதும் ஒரு நொடி நிற்கும். அப்புறம் இரண்டு கையும் சேர்ந்து தடதடவென்று ஏறும். ஜன்னலைச் சாத்தினாலும் அந்தத் தாளம் உள்ளே வரும், கூடவே நாக்கில் எச்சிலும் வரும். தூங்கா நகரம் என்று பெருமையாகச் சொல்கிறோம். திரவ உணவில் இருக்கிறவனுக்கு அதைப் போல ஒரு தண்டனை இல்லை.

பன்னிரண்டாம் நாள் நடைப்பயிற்சி என்று சொல்லிக் கிளம்பினேன். கால் தானாக முனைக்குப் போனது. வழக்கமான கூட்டாளி இருந்தான். "மாப்ள, சால்னா தண்ணி மாதிரிதானே இருக்கு, ஒரு வாய் வாங்கிக்க." அவனைக் குறை சொல்ல மாட்டேன். அவன் சொல்வதற்கு முன்பே, 'திரவம்தானே' என்று என் மனசு கள்ளக்கணக்கு எழுதி முடித்திருந்தது. நாலு ஸ்பூன். வீடு வந்து சேருவதற்குள் நெஞ்சைப் பிடித்தது, வாயில் நுரை நுரையாக எச்சில் கட்டியது, அப்புறம் வாந்தி. தையல் விட்டுப்போச்சு என்று அலறி அடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். ஒன்றும் ஆகவில்லை. நல்ல திட்டு மட்டும் கிடைத்தது.

அன்று டியூட்டி டாக்டர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், யாருக்காவது உதவும். காய்ச்சல், சும்மா படுத்திருக்கும்போதே நாடி படபடப்பது, ஏறிக்கொண்டே போகிற வயிற்றுவலி, தண்ணீர்கூடத் தங்காத வாந்தி, இதில் எது வந்தாலும் விடியட்டும் என்று இருக்கக் கூடாது, உடனே கிளம்பிவிட வேண்டும். வாந்தி நாள்கணக்கில் நீண்டால் பி1 வைட்டமின் தீர்ந்து நரம்பையே பாதித்துவிடுமாம். வலிக்கிறது என்று மெடிக்கலில் நாமாக மாத்திரை வாங்கிப் போடுவதும் கூடாது, சில வலி மாத்திரைகள் அந்தக் குழாயைப் புண்ணாக்கிவிடும்.

அந்த வாரம்தான் இன்னொன்றும் நடந்தது. எட்டரை மணிக்கு ஹாலில் படுத்திருக்கிறேன். சமையல்கட்டுக் கதவு சாத்தியிருக்கிறது. உள்ளேயிருந்து ஒரு 'மொறுக்'. அப்பளம். கொஞ்சம் நேரம் அமைதி. மறுபடி, சத்தம் வராமல் கடிக்கப் பார்க்கிற ஒரு மொறுக். எழுந்து போய்க் கதவைத் திறந்தால் அம்மா, வீட்டுக்காரி, மகள், மூன்று பேரும் நின்றுகொண்டே தட்டைக் கையில் வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். என் மகள் பாதி அப்பளத்தைப் பாவாடைக்குப் பின்னால் மறைக்கிறாள். பன்னிரண்டு நாளும் இப்படித்தானாம்.

அவர்கள் சாப்பிடுவதைப் பார்க்க எனக்குக் கஷ்டம்தான். என்னால் மூன்று பேர் திருடர்கள் மாதிரி நின்று தின்பதைப் பார்ப்பது அதைவிடக் கஷ்டமாக இருந்தது. மறுநாளிலிருந்து எல்லோரும் ஹாலில், ஏழரைக்கே. நானும் கூடவே உட்கார்ந்து மூடியோடு இருப்பேன். ஒன்பதரைக்குப் பல் விளக்கிவிட்டு, புரோட்டாக் கடைக்கு எதிர்த்திசையில் மகளோடு நடை. சிட்டையில் ராத்திரிப் பதிவுகள் குறைந்தன. நிற்கவில்லை, குறைந்தன.

குழைவான சாப்பாடு வந்தபிறகு வேறு தொல்லை. தினம் அறுபது கிராம் புரோட்டீன் வேண்டும். ஒரு முட்டையில் ஆறு கிராம்தான், பத்து முட்டைக்கு நான் எங்கே போவேன். பவுடரின் வாடையை மோர்தான் கொஞ்சம் மறைத்தது. மூன்றாம் மாதம் நடக்கிறது, தலைமுடி கொட்ட ஆரம்பித்திருக்கிறது. திரும்ப வரும் என்கிறார்கள்.

ஒன்பதாம் வாரம் தங்கச்சி மகனுக்குப் பாண்டிகோயிலில் கிடா வெட்டிக் காதுகுத்து. தாய்மாமன் பந்தியில் உட்காராமல் இருக்க முடியுமா? மூன்று துண்டு ஈரலை மாவாகும்வரை மென்றேன். நாலாவதில் விக்கல், மூக்கில் தண்ணீர். குழாய் நிறைந்துவிட்டது என்பதற்கு என் உடம்பு கொடுக்கிற மணி அது. இலையை மடித்ததும் மச்சான் முகம் சுண்டிப்போனது. "கறி சரியில்லையா மச்சான்?" மூன்று பேர் வந்து சமாதானம் செய்ய வேண்டியிருந்தது, அவரை.

நம் ஊரில் சாப்பாடு ஒருவர் வயிற்றோடு முடிகிற விஷயமா? பரிமாறுகிறவர் கை அதில் இருக்கிறது, மரியாதை இருக்கிறது, கோபம்கூட இருக்கிறது. ஆபரேஷனுக்கு முன்னால் என்னைத் தனியாக உட்காரவைத்து அரை மணி நேரம் கவுன்சலிங் கொடுத்தார்கள். எங்கள் வீட்டில் அடுப்பு என் கையிலா இருக்கிறது? கூப்பிட்டிருக்க வேண்டியது அம்மாவை, வீட்டுக்காரியை. முடிந்தால் அந்தச் சால்னாக் கூட்டாளியையும். இந்த ஆபரேஷன் செய்கிற டாக்டர்கள் யாராவது இதைப் படித்தால், என் கோரிக்கை அது ஒன்றுதான். அந்தத் தாளைத் தமிழில் அடியுங்கள், சமைக்கிறவர் கையில் கொடுங்கள்.

அடுத்த தெருவில் ஒரு பையனுக்கு வருகிற மாதம் இதே ஆபரேஷன். போன ஞாயிற்றுக்கிழமை அவனைப் பார்க்கப் போனபோது அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன். நானும் அவனும் திண்ணையில் பேசிக்கொண்டிருந்தோம், அம்மா நேராகச் சமையல்கட்டுக்குப் போய்விட்டார். திரும்பும்போது உள்ளேயிருந்து அவர் குரல் கேட்டது. "மிளகு ரெண்டே ரெண்டு போதும்த்தா. அதையும் வடிகட்டிரு. எம்புள்ளைக்கு நான் அள்ளிப் போட்டுட்டேன்."