பறக்கிறவன் ஏன் விழவே மாட்டேன் என்கிறான்?

சிவப்புச் சட்டின் துணியைக் கிழித்துக் கழுத்தில் முடிச்சுப் போட்டு, தரம் 10 பிள்ளை ஒன்றை மேடை நடுவில் நிறுத்தி, "இவனுக்குச் சக்தி வந்துவிட்டது" என்று மைக்கில் அறிவித்துவிட்டால் அது சுப்பர்ஹீரோ நகைச்சுவை நாடகமா? இலங்கை மலையகத்தில் ஹட்டன், மஸ்கெலியா, தலவாக்கலை, பதுளை என்று எந்தப் பக்கத்துக் கலைவிழாவுக்குப் போனாலும் இதே கூத்து. போனில் எடுத்துப் போடும் குறும்படங்களும் இதே கதைதான். பள்ளிக்கூடம், நாலு பிள்ளைகள், நாலு சக்தி, ஒரு வில்லன். பிள்ளைகள் உயிரைக் கொடுத்து நடிக்கிறார்கள். எழுதிக் கொடுக்கிற பெரியவர்கள்தான் அரை மணி நேரம்கூட உட்கார்ந்து யோசிப்பதில்லை. வயிறு எரிகிறது.

முதல் கோளாறு கதையில். சக்தியைக் கொடுக்கிறீர்கள், எல்லையைக் கொடுப்பதில்லை. பறப்பவன் எப்போதும் பறக்கிறான், மறைபவள் எப்போதும் மறைகிறாள். பிறகு எங்கிருந்து சிரிப்பு வரும்? சிக்கல் இருந்தால்தானே சிரிப்பு! 1962-இல் ஸ்பைடர்மேன் முதன்முதலாக வந்தபோதே அவன் பள்ளிக்கூடப் பையன். வலைத் திரவத்தைத் தானே தயாரிக்க வேண்டும். அது தீர்ந்துபோகும், அதுவும் கூடாத நேரத்தில் தீரும். வீட்டில் மே அத்தைக்கு எதுவும் தெரியக்கூடாது, வீட்டில் காசும் இல்லை. அறுபது வருடமாகச் சனங்கள் அவனை விடாமல் பார்ப்பது சுவரில் ஏறுகிறான் என்பதற்காக மட்டுமா? நீங்கள் முகமூடியை மட்டும் எடுத்துக்கொண்டு கஷ்டத்தை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டீர்கள்.

எல்லை தேடி வெளிநாட்டுக்குப் போகவும் வேண்டாம். வாசலுக்கு வெளியே நிற்கிறது பனி. பனி மூடியிருக்கும் வரைதான் பையனால் பறக்க முடியும், பனி விலகினால் அந்த இடத்திலேயே விழுவான் என்று ஒரே ஒரு விதி போட்டுப் பாருங்கள். பள்ளிக்கூடம் 1.30-க்கு விடும். பனி இறங்குவது பின்னேரம். அப்படியென்றால் பரீட்சை நேரத்தில், விளையாட்டுப் போட்டியில், அவனுக்கு அவசரமான எந்த இடத்திலும் சக்தி உதவாது. வீட்டுக்குத் திரும்பும் குறுக்குப்பாதையில் பறந்துகொண்டிருப்பவன் மேல் திடீரென்று வெயில் அடிக்கிறது. விழுந்த இடம் தோட்டத்து மேலாளரான துரையின் பங்களாப் பூப்பாத்தி. இப்போது அவன் பொய் சொல்ல வேண்டும், அம்மாவும் அந்தப் பொய்க்குத் துணை போக வேண்டும். குடும்ப நகைச்சுவை அங்கேதான் தொடங்குகிறது.

அல்லது வேகக் கைகள் உள்ள ஒரு பெண்பிள்ளையை எடுங்கள். சனிக்கிழமை அம்மாவுக்கு உதவியாகத் தேயிலைக் கொழுந்து எடுக்க மலைக்குப் போகிறாள். பத்து நிமிஷத்தில் கூடை நிறைகிறது. ஆனால் வேகத்தில் கை பார்த்து எடுக்கவில்லை. இரண்டு இலையும் மொட்டும் இருக்க வேண்டிய இடத்தில் முத்தல் இலையும் காம்பும். கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் கணக்குப்பிள்ளை கொட்டிப் பார்க்கிறார், நிறையில் ஈரத்துக்கென்று ஒரு வெட்டு, முத்தலுக்கென்று இன்னொரு வெட்டு. அதற்குப் பிறகும் நிறை மற்றவர்களுடையதைவிட இரண்டு மடங்கு நிற்கிறது. திங்கட்கிழமை காலை வேலை பிரிக்கும் பெரட்டில் அறிவிப்பு வருகிறது: ஒரு ஆளால் இவ்வளவு எடுக்க முடியுமென்றால் எல்லாரும் எடுக்க வேண்டிய கிலோ கூட்டப்படும், எடுக்காதவர்களுக்கு அரைப் பேர், அதாவது அரை நாள் சம்பளம். வரிசை வீடுகளான லயம் மொத்தமும் அந்த வீட்டு வாசலில் சண்டைக்கு நிற்கிறது. சக்திக்கு விலை என்றால் இதுதான். அரங்கில் இருக்கும் ஒவ்வொரு அம்மாவுக்கும் இது விளங்கும், விளக்கவுரை தேவையே இல்லை. இவ்வளவு பக்கத்தில் இருப்பதை விட்டுவிட்டு நியூயோர்க்கில் கட்டடம் இடிவதை எங்களுக்கு எதற்குக் காட்டுகிறீர்கள்?

பேச்சு அதைவிட மோசம். மஸ்கெலியாப் பிள்ளையின் வாயில் "பிளஸ் டூ", "ஹெட்மாஸ்டர்", "ஏட்டையா". இங்கே யார் பிளஸ் டூ படிக்கிறார்கள்? இங்கே ஓ.எல்., ஏ.எல்., அதிபர், பொலிஸ். அம்மாயி, அப்பாயி என்று கூப்பிட்டு வளர்ந்த பிள்ளையை மேடையில் ஏற்றியதும் சென்னை சினிமாப் பாட்டிக்குப் பேரனாக்கிவிடுகிறீர்கள். சக்தி வந்ததும் பேச்சு மாற வேண்டுமென்று எந்தச் சட்டம் சொல்கிறது? எங்கள் பேச்சு மேடைக்கு லாயக்கில்லை என்று பிள்ளைகளுக்கு நீங்களே கற்றுக்கொடுக்கிறீர்கள். இதை மன்னிக்கவே முடியாது.

அடுத்தது கெமரா. பிறகு எடிட்டிங்கில் பச்சையை நீக்கி வானத்தை வைக்கலாம் என்று பின்னால் பச்சைத் துணியை வாங்கிக் கட்டிவிட்டுப் பறக்கும் காட்சி எடுக்கிறார்கள். எங்கள் பிள்ளைகளின் சீருடை வெள்ளை. பச்சைத் துணிக்கு ஒட்டினாற்போல நிற்க வைத்தால் அந்தப் பச்சை வெள்ளைச் சட்டையில் பட்டுத் தெறிக்கும். எடிட்டிங்கில் பச்சையை நீக்கும்போது தோளும் கையோரமும் சேர்ந்து அரித்துப்போகும். சரி, நீலத் துணி கட்டுவோம் என்றால் சின்னப் பையன்களின் காற்சட்டை நீலம். சட்டை பறக்கும், இடுப்புக்குக் கீழே ஒன்றும் இருக்காது. பச்சையே கட்டுங்கள், ஆனால் துணிக்கும் பிள்ளைக்கும் நடுவே 6 முதல் 8 அடி விடுங்கள். துணிக்குத் தனி வெளிச்சம், பிள்ளைக்குத் தனி வெளிச்சம். துணியை அயர்ன் பண்ணி இழுத்துக் கட்டுங்கள், ஒவ்வொரு சுருக்கமும் ஒரு நிழல்.

உண்மையில் அந்தத் துணியே வேண்டியதில்லை. போனை முக்காலியில் அசையாமல் நிறுத்துங்கள். திரையில் விரலை அழுத்திப் பிடித்து போகஸையும் வெளிச்சத்தையும் லொக் பண்ணுங்கள். பையனை ஒரு ஸ்டூலின் மேல் வயிறு படியக் கிடத்தி, கைகால் நீட்டச் சொல்லி ஒரு தரம் எடுங்கள். சட்டையை வெளியே விட்டு ஸ்டூலின் விளிம்பை மறைக்க வேண்டும். பிறகு பையனும் ஸ்டூலும் இல்லாமல் அதே இடத்தை ஒரு தரம் எடுங்கள். எடிட்டிங்கில் பையன் இருக்கும் காட்சி மேலே வர இரண்டையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து, ஸ்டூல் இருக்கும் பகுதியை மட்டும் மாஸ்க் போட்டு அழித்தால் பையன் காற்றில் மிதப்பான். வெயிலில் எடுத்தால் ஸ்டூலின் நிழல் தரையில் காட்டிக்கொடுக்கும், மூட்டமான நாளில் நிழலே விழாது. எங்கள் ஊர் வானம் சும்மா கொடுக்கிற லைட் அது! ஆனால் இரண்டு தரத்துக்கும் நடுவே நேரம் கடத்தாதீர்கள். பனி ஒரு நிமிஷத்தில் நகர்ந்துவிடும், வெளிச்சம் மாறி ஒட்டுப்போட்ட இடம் பளிச்சென்று தெரியும்.

வகுப்பறைக்குள் எடுத்த காட்சியில் கறுப்புப் பட்டைகள் ஓடுகின்றன. அது போனின் பழுது இல்லை. இலங்கை மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், டியூப் லைட் வினாடிக்கு 100 தடவை துடிக்கும். ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 வினாடியில் வையுங்கள், பட்டை போய்விடும். இதைச் சொல்லி வாய் வலித்துவிட்டது.

சத்தத்தைப் பற்றி யாருக்கும் கவலையே இல்லை. தகரக் கூரையில் மழை விழும்போது வசனம் எடுத்தால் மழைதான் பேசும். இன்னொரு போனை விமானப் பயன்முறையில் போட்டு, ஒலிப்பதிவை ஓடவிட்டு, நடிக்கிற பிள்ளையின் சட்டைப் பையில் வைத்து, இயர்போன் மைக்கைக் கொலருக்குக் கீழே ஒட்டுங்கள். வாயிலிருந்து ஒரு சாண் போதும். தொடக்கத்தில் ஒரு தரம் கைதட்டுங்கள், பிறகு படத்தையும் சத்தத்தையும் அந்தக் கைதட்டலை வைத்துப் பொருத்தலாம். காசு செலவே இல்லாத வேலை இது.

இனி வருவதைக் கோபத்தோடுதான் சொல்கிறேன். பிள்ளையைப் பறக்கவிடுகிறேன் என்று நைலோன் கொடிக்கயிற்றை இடுப்பில் கட்டிக் கூரைச் சட்டத்தில் தொங்கவிடாதீர்கள். 45 கிலோப் பிள்ளை அரை மீற்றர் தவறி விழுந்து கயிறு வெட்டி இழுக்கும்போது அந்தச் சுமை பல மடங்காகிவிடும். அந்தச் சட்டம் தகரத்தைத் தாங்கப் போட்டது, ஆளைத் தாங்க இல்லை. பின்னால் கறுப்புத் திரை கட்டுங்கள். முகம்வரை கறுப்பு உடுத்திய இரண்டு பலசாலிகள் பிள்ளையை இடுப்பிலும் அக்குளிலும் பிடித்துத் தூக்கட்டும். விளக்கை முன்னாலிருந்து அடித்தால் தூக்குகிறவர்கள் சாம்பல் நிறமாகத் தெரிவார்கள், இரண்டு பக்கத்திலிருந்தும் அடியுங்கள். பச்சைத் துணியில் கெடுத்த வெள்ளைச் சீருடை இங்கே பளீரென்று நிற்கும்.

மேடை ஓரத்தில் குத்துவிளக்கு எரிந்துகொண்டிருக்க, கணுக்கால்வரை சட்டின் துணி இழுபட ஓடவிடுகிறீர்களே, என்ன தைரியம்! அந்தத் துணி எரியும்போது உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். முழங்காலோடு வெட்டுங்கள், கழுத்தில் முடிச்சுப் போடாமல் இழுத்ததும் கழரும் வெல்க்ரோ ஒட்டுப்பட்டையைத் தோளில் தையுங்கள், நாடகம் தொடங்கும் முன்பே விளக்கை மேடையிலிருந்து அப்புறப்படுத்துங்கள். கோதுமை மாவைத் தீயின் மேல் தூவி வெடிப்புக் காட்டுவதை இன்றோடு விடுங்கள். மாவுத் தூள் காற்றில் பரந்து நெருப்புப் பட்டால் பந்தாகப் பற்றும், முன்வரிசையில் உட்கார்ந்திருப்பது சின்னப் பிள்ளைகள்.

நெருப்பின் பயத்தைச் சத்தத்தாலேயே காட்டலாம். மாசியில் காமன் கூத்துப் பார்த்து வளர்ந்த ஊர் இது. சிவன் நெற்றிக்கண் திறந்து மதனை எரிக்கிற இடத்தில் தப்பு மேளத்தின் அடி மாறும்போதே கூட்டத்துக்கு உடம்பு சிலிர்க்கும். தப்பு அடிக்கத் தெரிந்தவர் உங்கள் தோட்டத்திலேயே இருக்கிறார். அவரைக் கூப்பிடாமல் போனில் இறக்கிய சினிமா இசையைப் போடுகிறீர்கள்.

கடைசியாக அந்த அப்பா. எல்லா நாடகத்திலும் அப்பா குடித்துவிட்டுத் தள்ளாடி வந்து விழுவார், அரங்கம் சிரிக்க வேண்டும். அம்மா மூலையில் அழுவார். பிள்ளை சக்தியைத் துறந்து, கல்விதான் உண்மையான சக்தி என்று மூன்று நிமிஷம் பேசுவான். அந்த அரங்கில் உட்கார்ந்திருக்கும் அப்பாக்கள் தங்களைப் பற்றி இதைத்தான் வருடா வருடம் பார்க்க வேண்டுமா? ராத்திரி மகன் பறந்து வந்து லயத்துக் கூரையில் தடாரென்று இறங்குகிறான். அப்பா டோர்ச்சோடு வெளியே வந்து, பறந்ததைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காமல், "எந்தத் தகரம்டா நசுங்குச்சு? நம்மளதா, அடுத்த வீட்டுதா?" என்று கேட்கட்டும். அடுத்த வீட்டுது என்றால் விடியுமுன் சத்தமில்லாமல் இரண்டு பேரும் கூரையில் ஏறித் தட்டி நிமிர்த்த வேண்டும். மகன் தூக்கிப் பிடிக்க, அப்பா சுத்தியலைத் துணியில் சுற்றித் தட்டுகிறார். உள்ளே அடுத்த வீட்டு அம்மாயி இருமுகிறார், இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொள்கிறார்கள். இப்படி ஒரு அப்பாவை எழுத இத்தனை பேரில் ஒருவருக்குமா கை வரவில்லை?