மூணு எடுத்தால் நூறு

(பாங்காக், சதுச்சக் வாரச்சந்தை. மே மாதத்துச் சனிக்கிழமை, உச்சி வெயில் கொஞ்சம் தாழ்ந்த நேரம். சாந்தி, கணவர் வேலைக்காக இங்கே குடியிருப்பவள். கோமதி, மதுரையில் இருந்து அவளைப் பார்க்க வந்திருக்கும் கல்லூரித் தோழி.)

சாந்தி: கையை விடாமல் வா கோமதி. 27 பகுதி, 10,000 கடைக்கு மேல் இருக்கிறது. தொலைந்துபோனால் நடுவில் இருக்கிற மணிக்கூண்டுக்கு வந்து நில்.

கோமதி: சித்திரைத் திருவிழாக் கூட்டத்தில் மூணு பிள்ளைகளையும் தொலைக்காமல் வீடு கொண்டுவந்து சேர்த்தவள்டி நான். நீ உன் பர்ஸைப் பார்த்துக்கொள். அந்த யானை போட்ட பேன்ட் என்ன விலை, கேள்.

சாந்தி: இந்த ஊர்ப் பணத்தில் 150 பாட்டாம். மூணு எடுத்தால் 100 வீதம் தருவாளாம். இங்கே நிறையக் கடைகளில் அப்படித்தான், மூணு எடுத்தால் மொத்த விலை.

கோமதி: அப்போ ஒண்ணு வாங்குகிறவள் என்ன கிறுக்கியா? மூணு எடு.

சாந்தி: உனக்கு ஒண்ணு. மிச்சம் ரெண்டு யாருக்கு?

கோமதி: நாத்தனாருக்கு ஒண்ணு. அப்புறம்... மாமனாருக்கு ஒண்ணு.

சாந்தி: அவர் கல்யாண ரிசப்ஷனுக்கே வேட்டியில் நின்ற மனிதர்!

கோமதி: வேட்டியில் எலாஸ்டிக் இருக்கிறதா? இதில் இருக்கிறது, கயிறும் இருக்கிறது. ராத்திரி எழுந்து பாத்ரூம் போக எவ்வளவு வசதி! அதுவும் யானை, பிள்ளையார் அம்சம், மறுத்துப் பேசவே மாட்டார். சரி, பசிக்கிறது. சனிக்கிழமை, கவிச்சி தொடமாட்டேன், ஞாபகம் வை.

சாந்தி: அதுதான் கஷ்டம். காய்கறி மட்டும்தான் என்பான், மேலே மீன் சாஸை ஊற்றிவிடுவான். அதோ பார், மஞ்சள் கொடி கட்டிய கடை.

கோமதி: சிவப்பில் 17 என்று எழுதியிருக்கிறதே, கடை நம்பரா?

சாந்தி: அது தாய்லாந்து மொழி எழுத்துடி, பார்க்கத்தான் 17 மாதிரி இருக்கும். சைவக் கடை. மீன் சாஸ் கிடையாது, வெங்காயம் பூண்டுகூடக் கிடையாது.

கோமதி: வெங்காயம் பூண்டு இல்லாமலா? நான் ஒருநாள் விரதம்தான்டி, சாமியார் இல்லை. அங்கே ஒரு அம்மா உரலில் என்னவோ இடிக்கிறாளே?

சாந்தி: சோம் தாம். பப்பாளிக்காய்ச் சீவல். காய்ந்த இறால், மீன் சாஸ் ரெண்டும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பதிலுக்கு உப்பு.

கோமதி: மண் உரல், மர உலக்கை! ஒரு கையால் இடிக்கிறாள், இன்னொரு கையில் கரண்டியை வைத்து அடியில் இருப்பதைப் புரட்டிப் புரட்டி மேலே கொண்டுவருகிறாள். மிளகாய், எலுமிச்சை, வேர்க்கடலை எல்லாம் சரி... ஐயோ, அது என்ன பாகு?

சாந்தி: பனைவெல்லம்.

கோமதி: மிளகாயோடவா? (ஒரு வாய் போட்டு) ம்... ஸ்ஸ்... வெல்லத்தை நம்பி ஏமாந்துவிட்டேன்டி. காதில் புகை வருகிறது. தண்ணீர்!

சாந்தி: தண்ணீர் எதற்கு, தேங்காய் ஐஸ்கிரீம் இருக்கிறது. கொட்டாங்கச்சியிலேயே தருவார்கள், மேலே வேர்க்கடலை, சோளம், ஒட்டுச்சோறு.

கோமதி: ஐஸ்கிரீமில் சோறா! குடு, குடு, பேசுகிற நிலைமையில் நான் இல்லை. மூணு வாங்கினால் குறைப்பானா?

சாந்தி: இதற்கெல்லாம் கிடையாது.

(மூணு கைப்பை, மூணு ஜோடிச் செருப்பு, மூணு தைல டப்பா ஆன பிறகு.)

கோமதி: வந்ததில் இருந்து 800 பாட் மிச்சம் பிடித்திருக்கிறேன். ஒரு பாட் ரெண்டரை ரூபாய் என்றாலும் ரெண்டாயிரம் ரூபாய்டி.

சாந்தி: செலவு?

கோமதி: அதை யார் கேட்டது? அந்த மரத் தவளை பொம்மையைப் பார், முதுகில் குச்சியால் தேய்த்தால் கொர்ர் கொர்ர் என்று கத்துகிறது. 100 சொல்கிறான், நான் கால்குலேட்டரில் 40 என்று அடித்துக் காட்டினேன். சாந்தி, என்னடி ஆச்சு இவனுக்கு? அப்படியே சிலையாக நிற்கிறான்!

சாந்தி: உஷ்!

கோமதி: அவ்வளவு குறைத்தா கேட்டுவிட்டேன்? 50 தருகிறேன் என்று சொல். ஐயையோ, எதிர்க்கடைக்காரியும் நிற்கிறாள். சந்தையே நிற்கிறது!

சாந்தி: (பல்லைக் கடித்தபடி) மணி ஆறுடி. ஒலிபெருக்கியில் தேசிய கீதம். பேசாமல் நேராக நில்.

(கீதம் முடிகிறது. கடைக்காரர் கால்குலேட்டரை வாங்கி 80 என்று அடிக்கிறார்.)

கோமதி: பார்த்தாயா, நின்று யோசித்ததில் 20 குறைந்துவிட்டது.

(வெளியே சாலையோரம், பிக்கப் வண்டி நிறைய டுரியன் பழம்.)

கோமதி: இதே பழம் குற்றாலத்தில் சீசனுக்கு வரும். விலை கேட்டாலே நெஞ்சு அடைக்கும். இங்கே எவ்வளவு சல்லிசு!

சாந்தி: மூணு வேண்டாம் கோமதி. கெஞ்சிக் கேட்கிறேன்.

கோமதி: எடுத்தாச்சு.

(மெட்ரோ நிலைய வாசல். காவலர் பையைப் பார்க்கிறார், மூக்கைச் சுருக்குகிறார், சுவரில் இருக்கும் படத்தைக் காட்டுகிறார். டுரியன் மேல் சிவப்புக் கோடு.)

சாந்தி: ரயிலில் ஏற்ற மாட்டார்கள். நாற்றம் பெட்டி முழுக்கப் பரவுமாம். டாக்சிக்காரர்களும் கண்ணாடியை இறக்கி, மோந்து பார்த்துவிட்டுப் போய்க்கொண்டே இருக்கிறார்கள்.

கோமதி: துக்துக் ஆட்டோவைக் கூப்பிடு. அதற்குத்தான் கதவே இல்லையே.

சாந்தி: 300 கேட்கிறான்.

கோமதி: மூணு பேர் என்றால் குறைப்பானா கேள்.

சாந்தி: நாம் ரெண்டு பேர்தான்டி இருக்கிறோம்!

கோமதி: பழத்தையும் ஒரு ஆளாக எழுதிக்கொள்ளச் சொல். அதுதான் சீட்டில் உட்காரப்போகிறது, நாம் ரெண்டு பேரும் தொங்கிக்கொண்டு வருகிறோம்.