ஐந்து லட்சமும் பதினாறாம் நாளும்

அம்மாவுக்கு மலக்குடலில் புற்றுநோய் என்று தெரிந்த அன்று, வீட்டில் நாங்கள் முதலில் தேடி எடுத்தது முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்ட அட்டையைத்தான். "அஞ்சு லட்சம் இருக்கு, பயப்படாதே" என்றார் மாமா. அவர் சொன்னது பொய்க்கவில்லை. அறுவை சிகிச்சைக்கு அந்த அட்டை முழுமையாகக் கைகொடுத்தது. அதற்கு நான் என்றென்றும் கடமைப்பட்டிருக்கிறேன். ஆனால் அந்த அட்டை எதுவரை வரும், எங்கே நின்றுவிடும் என்பதை எங்களுக்கு யாரும் முன்கூட்டியே சொல்லவில்லை.

ஐந்து லட்சம் என்பது நம் பெயரில் போட்டு வைத்திருக்கும் பணம் அன்று. குடும்பம் முழுவதற்கும் சேர்த்து ஓராண்டுக்கு உள்ள உச்சவரம்பு அது. 2012 ஜனவரியில் தொடங்கி, 2018 செப்டம்பரில் ஒன்றிய அரசின் ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டுத் திட்டத்தோடு இணைக்கப்பட்ட இந்தத் திட்டத்தில், ஒவ்வொரு சிகிச்சைக்கும் ஒரு தொகை முன்பே வரையறுக்கப்பட்டிருக்கிறது. பேச்சுவழக்கில் அதைப் பேக்கேஜ் என்கிறோம். மருத்துவமனை விண்ணப்பித்து, அப்ரூவல் வந்த பிறகு, அந்தத் தொகை மருத்துவமனைக்கே செல்கிறது.

அந்தப் பேக்கேஜுக்குள் என்னென்ன அடங்கும் என்பதில்தான் பெரும்பாலானோர் ஏமாறுகிறார்கள். ஆயுஷ்மான் பாரத் விதிகளின்படி, சேர்வதற்கு முந்தைய மூன்று நாள் பரிசோதனைகள், படுக்கை, உணவு, மருந்து, உடலுக்குள் பொருத்தும் கருவிகள் ஆகியவற்றோடு, கையுறை, ஊசி, தையல் நூல் போன்ற பொருள்களும் அதில் சேர்ந்தவையே. இது தெரியாமல், அறுவை சிகிச்சைக்கு முந்தைய இரவு கையில் கொடுக்கப்பட்ட சீட்டை எடுத்துக்கொண்டு, அப்பா மருந்துக்கடைக்கு ஓடி இவை அனைத்தையும் காசு கொடுத்து வாங்கி வந்தார். விவரம் தெரிந்த நண்பர் ஒருவர் சொன்ன பிறகு, மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் பில்லைக் காட்டிக் கேட்டோம். பணம் திரும்பி வந்தது. பக்கத்துப் படுக்கை அண்ணன் பில்லைத் தூக்கிப் போட்டிருந்ததால், அவருக்கு ஒரு ரூபாயும் வரவில்லை. எனவே, எந்தச் சீட்டைக் கொடுத்தாலும் "இது பேக்கேஜில் வராதா?" என்று முதலில் கேளுங்கள், பதில் சரியில்லை என்றால் 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணை அழையுங்கள்.

என்னை இன்றும் உறுத்துவது அதற்குப் பின் நடந்ததுதான். அம்மாவுக்கு வயிற்றில் துளையிட்டு, மலம் வெளியேறுவதற்குப் பை பொருத்தியிருந்தார்கள். வீடு திரும்பிய பின் மருந்துக்கும் பரிசோதனைக்கும் ஆயுஷ்மான் பாரத் விதிகள் தரும் காலம் பதினைந்து நாள்கள். சில சிகிச்சைகளுக்குத் தொடர் மருத்துவப் பேக்கேஜ் தனியாக உண்டு என்றாலும், பைக்கு எங்களுக்குக் கிடைத்த பதில் "வெளியே வாங்கிக்கொள்ளுங்கள்" என்பதே. ஒரு பையின் விலை சில நூறு ரூபாய். அது சில நாள்களுக்கு மேல் தாங்காது. அம்மா சிறிய கத்தரிக்கோலால் துளையின் அளவுக்கு, பையைத் தோலோடு ஒட்டும் தகட்டை வெட்டி ஒட்டுவார். அளவு சற்றுப் பிசகினாலும் கசிந்து, சுற்றியுள்ள தோல் புண்ணாகி எரியும். செலவை நினைத்து, மாற்ற வேண்டிய பையையே கழுவி, அக்கம்பக்கத்தார் கண்ணில் படக்கூடாதென்று குளியலறைக் கதவின் பின்புறம் காயப்போட்டு, மறுபடியும் ஒட்டிக்கொண்டார். பல ஆயிரம் ரூபாய் மதிப்புள்ள அறுவை சிகிச்சையைச் செய்துகொடுத்த திட்டம், அந்தச் சிகிச்சையால் தேவைப்பட்ட பையைக் கணக்கில் கொள்ளாதது எனக்கு நியாயமாகப் படவில்லை.

அரசால் முடியாத காரியம் அன்று இது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், வயிற்றுவழி டயாலிசிஸ் செய்துகொள்வோருக்கான திரவப் பைகள் வீட்டுக்கே கொண்டுவந்து தரப்படுகின்றன; சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளும் அப்படியே வருகின்றன. அதே வழியில் மலப்பை, சிறுநீர்க் குழாய், படுக்கைப் புண்ணுக்கான கட்டுத்துணி ஆகியவையும் வர வேண்டும். காப்பீட்டில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவரின் விவரங்கள் அனைத்தும் அரசின் கணினியில் ஏற்கெனவே இருக்கின்றன. அவரைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. மருத்துவமனையில் சேரும் அன்றே, எவை அடங்கும், எத்தனை நாள் அடங்கும் என்று தமிழில் அச்சிட்ட ஒரு தாளையும் நோயாளியின் கையில் கொடுக்க வேண்டும். அப்படி ஒரு தாள் இருந்திருந்தால், அப்பா அந்த இரவில் மருந்துக்கடைக்கு ஓடியிருக்க மாட்டார்.