சுடுவதற்கு முன் 2015ஐ நினைத்துப் பாருங்கள்
எஸ்தோனியாவுக்குள் நுழைந்த ரஷ்ய விமானங்களை நேட்டோ சுட்டு வீழ்த்தியிருக்க வேண்டும் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. கோபம் நியாயம்தான், ஆனால் அந்த முடிவில் எனக்கு உடன்பாடில்லை.

2025 செப்டம்பர் 19 அன்று மூன்று ரஷ்ய மிக்-31 போர் விமானங்கள் எஸ்தோனியாவின் வைன்ட்லோ தீவுப் பக்கமாக வந்து 12 நிமிடம் எஸ்தோனிய வான்வெளியில் இருந்தன, விமானம் எங்கே இருக்கிறது என்று காட்டும் டிரான்ஸ்பாண்டர் கருவியை அணைத்துவிட்டு, கட்டுப்பாட்டு அறையோடு பேசாமல். நேட்டோ பணியில் இருந்த இத்தாலியின் எஃப்-35 போர் விமானங்கள் எதிர்கொள்ளக் கிளம்பின. எல்லையைத் தாண்டவே இல்லை என்று மாஸ்கோ சாதிக்கிறது, நான் நம்பவில்லை. அதே மாதம்தானே போலந்துக்குள் டிரோன்கள் வந்து விழுந்தன? ஆழம் பார்க்கிறார்கள், வேறென்ன.

சரி, சுட்டால்? 2015 நவம்பரில் நேட்டோ நாடான துருக்கி, சிரியா எல்லையில் ரஷ்யாவின் சு-24 போர் விமானம் ஒன்றை வீழ்த்தியது. அது துருக்கி எல்லைக்குள் இருந்தது 17 விநாடி, துருக்கி சொன்ன கணக்கே அதுதான். குதித்த விமானி பாராசூட்டில் இறங்கும்போதே சிரியாவில் சுட்டுக் கொல்லப்பட்டார், அப்புறம் மீட்கப் போனவர்களில் ஒரு வீரரும் இறந்தார். புடின் அன்று வர்த்தகத் தடை, சுற்றுலாத் தடையோடு நின்றார் என்றால், அன்று உக்ரைனில் இந்த அளவு போர் இல்லை, நடுத்தர தூர ஏவுகணைகளைத் தடைசெய்த ஐஎன்எஃப் ஒப்பந்தம் உயிரோடு இருந்தது, அணு ஆயுதங்களுக்கு வரம்பு வைத்த நியூ ஸ்டார்ட் ஒப்பந்தத்தின் ஆய்வாளர்கள் அமெரிக்கா, ரஷ்யா இரண்டு நாட்டு ஏவுகணைத் தளங்களுக்கும் போய்வந்துகொண்டிருந்தார்கள். இன்று அந்தப் பாதுகாப்பு எதுவும் இல்லை. எஸ்தோனியா உள்ளிட்ட பால்டிக் நாடுகளுக்கு வான் பாதுகாப்புக் கருவிகளை இன்னும் நிறையக் கொடுங்கள், அதோடு நேட்டோ, ரஷ்யா இரு தரப்புத் தளபதிகளும் நேரடியாகப் பேசும் தொலைபேசி இணைப்பை ஒருநாளும் துண்டிக்காதீர்கள்.